தட்டு நிறையத் தீனி, ஆனாலும் பட்டினி: வீட்டு முயல்களின் பல் நோய்

முயல் தீனித் தட்டை நோக்கி ஓடி வரும். முகர்ந்து பார்க்கும். ஒரு கரட் துண்டை வாயில் எடுக்கும். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டின் மூலையில் போய் அமர்ந்துகொள்ளும். இதைக் காணும் பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படும் விளக்கம், அதற்குப் பசியில்லை என்பதுதான். ஆனால் பசிப்பதனால்தான் அது தட்டுவரை ஓடி வருகிறது. வாய் வலிப்பதனால் மென்று விழுங்க முடியாமல் திரும்பிப் போகிறது.

வளர்ப்பு முயல்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் வரும் நோய்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று பல் நோய். கவனிக்காமல் விட்டால் அந்தப் பிராணி தீனிக்கு முன்னால் இருந்தபடியே பட்டினியால் இறந்துபோகும். அதேவேளை, பெரும்பாலும் வரவிடாமலே தடுக்கக்கூடிய நோயும் இதுதான். தடுப்பு மருந்து புல். நமது வேலியோரங்களிலும் வயல் வரம்புகளிலும் அது காசில்லாமல் வளர்கிறது. இருந்தும் நாம் கடைக்குப் போய் உருண்டைத் தீவனமும் கரட்டும் வாங்குகிறோம்.

நான் மிருக வைத்தியர் அல்ல. கொரோனா முடக்க காலத்துக்குப் பின்னர் எனக்குத் தெரிந்த நான்கைந்து வீடுகளில் முயலும் ஹாம்ஸ்டரும் குடியேறின. அவற்றில் சில ஒரே மாதிரியான அறிகுறிகளுடன் நோயுற்றதைப் பார்த்த பிறகு வைத்தியர்களிடம் கேட்டும், வெளியான ஆய்வுகளை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள்

மனிதருக்கு நிரந்தரப் பல் முளைத்தால் அது அந்த அளவிலேயே நிற்கும். முயலின் நிலை வேறு. முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அவை அனைத்தும் பிறந்தது முதல் இறக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டும் பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் வளர்கின்றன. தேயாமல் விட்டால் சில மாதங்களில் அவை உதட்டைத் தாண்டி வெளியே வளைந்துவிடும்.

முயலை எலியின் இனத்தோடு சேர்த்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். விலங்கியலில் அவை இரு வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. வேறுபாட்டை வாயிலேயே பார்க்கலாம். முயலின் மேல் வெட்டும் பற்களுக்குப் பின்னால், ஆணி முனை போல, மேலும் இரண்டு சிறிய பற்கள் மறைந்திருக்கும். எலி, ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளுக்கு அவை இல்லை. இந்த இரு வகையினருக்குமே வேட்டைப் பற்கள் கிடையாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் ஒரு நீண்ட வெற்றிடம் காணப்படும்.

எந்தப் பிராணிக்கு எந்தப் பற்கள் வளர்கின்றன என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். கினிப் பன்றிக்கு 20 பற்கள். முயலைப் போலவே அதற்கும் முன்பற்கள், கடைவாய்ப் பற்கள் எல்லாமே வளர்ந்துகொண்டிருக்கும். ஹாம்ஸ்டர், வெள்ளெலி, சுண்டெலி ஆகியவற்றுக்கு 16 பற்கள். அவற்றின் நான்கு முன்பற்கள் மட்டுமே தொடர்ந்து வளர்பவை. கடைவாய்ப் பற்கள் மனிதருடையதைப் போல ஒரு அளவோடு நின்றுவிடும். ஆகவே ஹாம்ஸ்டருக்கும் எலிக்கும் முன்பல் நீள்வதே முக்கிய பிரச்சினை. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கடைவாயில்தான் இருக்கிறது.

இன்னொரு குறிப்பு. எலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் முன்பற்கள் மஞ்சளாக அல்லது செம்மஞ்சளாக இருப்பது இயல்பு. அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டக் கூடாது. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் வெள்ளையாக இருக்க வேண்டும்.

புல் என்ற அரம்

நாம் வீட்டில் வளர்க்கும் முயலின் மூதாதையர் ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள ஐபீரியக் குடாநாட்டைச் சேர்ந்தவர்கள். நமது பற்றைகளில் ஓடும் காட்டு முயல் வேறோர் இனம். கினிப் பன்றியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதி. இந்த இரண்டு பிராணிகளுமே நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்வதில் செலவிட்டவை.

புல்லில் நார்ச்சத்து அதிகம், போஷணை குறைவு. ஆகவே வயிறு நிறைய வேண்டுமானால் நிறையத் தின்ன வேண்டும், நீண்ட நேரம் மெல்ல வேண்டும். புல்லின் இழையங்களில் சிலிக்கா எனும், மணலின் மூலப்பொருளான, கடினமான துணிக்கைகள் உள்ளன. அறுகம்புல்லையோ கினிப்புல்லையோ விரலால் உருவியவர்களுக்கு அதன் சொரசொரப்பு தெரியும். முயல் புல்லை மெல்லும்போது அதன் கீழ்த்தாடை மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அசைகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்த அசைவு நிகழும். மேல் கடைவாய்ப் பல்லும் கீழ் கடைவாய்ப் பல்லும், நடுவில் புல்லை வைத்து, ஒன்றையொன்று அரம் போல அராவுகின்றன. பல் வளரும் வேகமும் தேயும் வேகமும் சமமாக இருக்கும் வரை அந்தப் பிராணிக்குப் பல் வைத்தியரே தேவையில்லை.

உருண்டைத் தீவனத்தையும் தானியத்தையும் தின்னும்போது நடப்பது வேறு. அவற்றை நொறுக்குவதற்குத் தாடை மேலும் கீழுமாகவே அதிகம் அசையும். சில நிமிடங்களில் வயிறு நிறைந்துவிடும். மீதி நேரம் முழுவதும் பற்களுக்கு வேலையில்லை. கரட்டும் அவ்வாறே. அது கடினமாக இருப்பதால் பல்லைத் தேய்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கரட்டில் இருப்பது பெரும்பாலும் நீரும் சீனியும்தான். கேலிச்சித்திர முயல் கரட்டைக் கடிப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். உண்மையான முயலுக்குக் கரட் என்பது குழந்தைக்கு இனிப்புப் பண்டம் போல: எப்போதாவது ஒரு துண்டு போதும்.

வாய்க்குள் நடப்பது என்ன?

முயலின் கீழ்த்தாடை மேல்தாடையை விட ஒடுக்கமானது. ஆகவே பற்கள் முழுமையாகத் தேயாதபோது கீழ்க் கடைவாய்ப் பற்களின் உட்புற விளிம்பு நாக்கை நோக்கியும், மேல்பற்களின் வெளிப்புற விளிம்பு கன்னத்தை நோக்கியும் முள்ளாகக் கூர்மையடையும். ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் அந்த முள் நாக்கிலோ கன்னத்திலோ குத்தும். கினிப் பன்றியின் கடைவாய்ப் பற்கள் இயல்பிலேயே சரிந்தவை. அவை அளவுக்கு மீறி நீளும்போது இரு பக்கத்துக் கீழ்ப்பற்களும் நாக்கின் மேலாக ஒரு பாலம் போல வளைந்து நாக்கைச் சிறைப்படுத்திவிடும். அதன்பின் அதனால் எதையும் விழுங்க முடியாது.

மேலே வளர இடமில்லாத பல் கீழ்நோக்கித் தள்ளும். இது பலரும் அறியாத பகுதி. மேலும் கீழும் பற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது பல்லின் அடிப்பகுதி தாடை எலும்புக்குள் அழுத்தப்படுகிறது. கீழ்த்தாடையின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தால் சிறு மேடுகள் தட்டுப்படும். மேல் வெட்டும் பல்லின் அடி கண்ணீர்க் குழாயை நெருக்கும்போது கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வடியும். மேல் கடைவாய்ப் பற்களின் அடி கண்குழிக்கு மிக அருகில் இருப்பதால், அங்கு சீழ்க்கட்டி ஏற்பட்டால் கண் வெளியே பிதுங்கிவிடும். கண் நோய் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும் சில முயல்களுக்கு உண்மையான நோய் பல்லில் இருக்கும்.

முயலின் சீழ் மனிதருடையதைப் போல நீராக இராது. பற்பசை போலத் தடித்திருக்கும். ஆகவே கீறிவிட்டால் வடிந்துவிடாது. தாடையில் சீழ்க்கட்டி வந்த முயலுக்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் நீண்ட காலப் பராமரிப்பும் தேவைப்படும்.

எல்லாப் பல் நோய்க்கும் தீனியே காரணம் என்றும் சொல்ல முடியாது. சில முயல்கள் தாடை அமைப்புக் குறைபாட்டுடனேயே பிறக்கின்றன. முகம் மிகக் குறுகிய குள்ள இனங்களில் முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதுண்டு. இவை குட்டியாக இருக்கும்போதே தெரியவரும். கூட்டின் கம்பியைக் கடித்து இழுப்பதாலும் கீழே விழுவதாலும் பல் உடைந்து, பின்னர் கோணலாக வளர்வதுமுண்டு.

ஆய்வுகள் சொல்வது

ஐக்கிய இராச்சியத்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று இதில் முக்கியமானது. 32 முயல்களை நான்கு குழுக்களாகப் பிரித்து 17 மாதங்கள் அவதானித்தார்கள். ஒரு குழுவுக்கு உலர்புல் மட்டும். ஒரு குழுவுக்கு உருண்டைத் தீவனத்துடன் உலர்புல். ஒரு குழுவுக்குத் தானியமும் விதைகளும் கலந்த தீவனத்துடன் உலர்புல். கடைசிக் குழுவுக்குக் கலவைத் தீவனம் மட்டும். கலவைத் தீவனம் உண்ட முயல்களின் பற்கள், கூடவே உலர்புல் கிடைத்திருந்தபோதிலும், மற்றவற்றை விட அதிகமாக வளைந்திருந்தன. கலவைத் தீவனத்தில் உள்ள சுவையானவற்றை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, நாரும் கல்சியமும் உள்ள பகுதியை முயல் ஒதுக்கிவிடுகிறது என்பது ஏற்கெனவே அறியப்பட்ட விடயம்.

லண்டன் றோயல் மிருக வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், 2019 ஆம் ஆண்டில் அந்நாட்டு மிருக வைத்திய நிலையங்களில் பதிவாகியிருந்த 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயல்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 15 சதவீதமானவற்றுக்குப் பல் நோய் இருந்தது. வயது கூடக்கூட நோயும் கூடியது. தொங்கு காது இன முயல்களுக்கே இது அதிகம் வரும் என்ற பரவலான நம்பிக்கையை அந்தத் தரவுகள் உறுதிப்படுத்தவில்லை. எந்த இன முயலாக இருந்தாலும் கவனம் தேவை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இங்கிலாந்து மிருக வைத்தியர் பிரான்செஸ் ஹார்கோர்ட்-பிரவுன் வேறொரு காரணத்தையும் முன்வைத்தார். கல்சியமும் விற்றமின் டி-யும் போதாமல் தாடை எலும்பு மென்மையடைவதாலேயே பற்கள் நிலைகுலைகின்றன என்பது அவரது வாதம். இதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனாலும் வெயிலே படாத சமையலறை மூலையில் வருடக்கணக்கில் கூட்டை வைத்திருப்பது நல்லதல்ல. காலை வெயில் சிறிது நேரம் படட்டும். ஆனால் ஒதுங்குவதற்கு நிழல் கட்டாயம் வேண்டும். முயல் குளிரைத் தாங்கும் அளவுக்கு வெப்பத்தைத் தாங்காது. இதைக் கேட்டுவிட்டுக் கல்சியக் குளிசை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். அளவு மீறிய கல்சியம் முயலின் சிறுநீர்ப்பையில் மண்போல் படிந்துவிடும்.

"முன் பல்லு வடிவாத்தான் கிடக்கு"

நல்லூரில் என் அயல்வீட்டு அக்கா ஒருவர் நான்கு வயது வெள்ளை முயலொன்றை வளர்க்கிறார். அது இரண்டு நாட்களாக ஒன்றும் தின்னவில்லை என்று கூப்பிட்டார்.

"தம்பி, பல்லில ஒரு பிழையும் இல்லை. நான் சொண்டை விலத்திப் பார்த்தனான். முன் பல்லு ரெண்டும் வடிவாத்தான் கிடக்கு."

"அக்கா, நாடிக்குக் கீழ மயிர் நனைஞ்சு கிடக்கே, கவனிச்சனீங்களோ?"

"அது தண்ணி குடிக்கேக்க நனைஞ்சிருக்கும் எண்டு விட்டிட்டன். மகனுக்கு வாங்கின அன்டிபயோட்டிக் பாணி மிச்சம் கிடக்கு, அதில கொஞ்சம் பருக்குவமோ?"

அந்தப் போத்தலில் அமொக்சிசிலின் என்று எழுதியிருந்தது. அதைக் கொடுக்காமல் முயலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். முயலை மயக்கி வாயைத் திறந்து பார்த்தபோது, இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்றின் முள் நாக்கின் ஓரத்தை அறுத்திருந்தது. அதை அராவி எடுத்த மூன்றாம் நாள் முயல் புல் தின்னத் தொடங்கியது. ஆனால் நோய் முற்றாகப் போய்விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சிறு உரையாடலில் மூன்று விடயங்கள் உள்ளன. முன்பல் நன்றாக இருப்பது கடைவாய் நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி அல்ல. நனைந்த நாடி தண்ணீரால் அல்ல, எச்சிலால். மூன்றாவது, வீட்டிலிருக்கும் மருந்துப் போத்தல். அதுபற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

முயலும் கினிப் பன்றியும் வேட்டையாடப்படும் இனங்கள். பலவீனத்தைக் காட்டினால் நரியோ பருந்தோ முதலில் அதையே தூக்கும். ஆகவே வலியை மறைப்பது அவற்றின் இயல்பு. நாய் போல அனுங்காது, பூனை போலக் கத்தாது. நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தீனியில் தெரியும் மாற்றமே முதல் அறிகுறி. புல்லை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தின்னும். எடுத்ததைக் கீழே போடும். ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும். பின்னர் நாடியும் கழுத்தும் நனையும், கண்ணில் நீர் வடியும், பற்களை நெறுநெறுவென்று கடிக்கும்.

புழுக்கையைத் தினமும் பாருங்கள். வழமையான பெரிய உருண்டைகள் சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, தீனி உள்ளே போகவில்லை என்று பொருள். முயல் தன் மென்மையான ஒரு வகைப் புழுக்கையை நேரடியாக வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். அது அதன் சமிபாட்டின் ஒரு பகுதி. வாய் வலிக்கும்போது அதை எடுக்க முடியாமல் பின்பக்கத்து மயிரில் ஒட்டிக் கிடக்கும். மயிரைச் சுத்தப்படுத்த முடியாமல் உடலும் அழுக்காகும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது நிறை. சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில் நிறுத்து எழுதி வையுங்கள். தடித்த மயிருக்குள் மெலிவு கண்ணுக்குத் தெரியாது, தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு முயலோ கினிப் பன்றியோ 12 மணித்தியாலம் ஒன்றும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. அவற்றின் குடல் ஓய்வில்லாமல் இயங்குவது. தீனி நின்றால் குடலும் நிற்கும், வாயு நிரம்பும், ஈரல் பாதிக்கப்படும். நாளை பார்ப்போம் என்று விடக்கூடிய விடயம் அல்ல.

செய்யக் கூடாதவை

முதலாவது, நகவெட்டியாலோ வெட்டுக் குறடாலோ பல்லை வெட்டுவது. கடைகளிலும் சில வீடுகளிலும் இது இன்றும் நடக்கிறது. முயலின் பல் அழுத்தத்தைத் தாங்காமல் நெடுக்காகப் பிளக்கக்கூடும். பிளவு நரம்புள்ள பகுதிவரை போனால் கடும் வலி, அதன் வழியாகக் கிருமி, அதிலிருந்து தாடையில் சீழ்க்கட்டி என்று தொடரும்.

இரண்டாவது, மனிதருக்கு வாங்கிய மருந்தைக் கொடுப்பது. அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளையும் கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றையும் முயல், கினிப் பன்றி, ஹாம்ஸ்டர் ஆகியவற்றுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. அவை குடலில் உள்ள நன்மை தரும் பக்டீரியாக்களை அழிக்க, நச்சை உருவாக்கும் பக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். வயிற்றோட்டம் ஏற்பட்டுச் சில நாட்களில் பிராணி இறந்துவிடலாம். முயலுக்குச் சில பென்சிலின்களை ஊசி மூலம் வைத்தியர்கள் பயன்படுத்துவதுண்டு. அந்தத் தீர்மானம் அவர்களுடையது. நமது வீடுகளில் பாதி குடித்த அமொக்சிசிலின் போத்தல் இல்லாத குளிர்சாதனப் பெட்டி குறைவு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, கடித்து விளையாடும் மரக்கட்டையையும் கனிமக் கல்லையும் வாங்கிப் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று இருப்பது. ஹாம்ஸ்டருக்கும் எலிக்கும் மரக்கட்டை உதவும், ஏனெனில் அவற்றுக்கு வளர்வது முன்பல். முயலுக்கு அது பொழுதுபோக்கு மட்டுமே. கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதற்கு மெல்ல வேண்டும், கொறித்தால் போதாது.

வைத்தியர் என்ன செய்வார்?

விழித்திருக்கும் முயலின் வாயை நன்றாகத் திறக்க முடியாது. காது பார்க்கும் கருவியைக் கொண்டு கடைவாயை ஓரளவு பார்க்கலாம். முழுமையாகப் பரிசோதிக்க மயக்க மருந்து வேண்டும். பல்லின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்கு எக்ஸ்ரே வேண்டும். நீண்ட பல்லைச் சுழலும் பல் அராவியால் தேய்த்து உயரத்தைக் குறைப்பார்கள். முன்பற்கள் பிறவியிலேயே பொருந்தாத முயலுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும். அதைவிட அந்தப் பற்களை முற்றாக எடுத்துவிடுவது சில வேளைகளில் நல்லது. முன்பல் இல்லாத முயல், தீனியைச் சிறிதாக நறுக்கிக் கொடுத்தால், உதட்டால் எடுத்துக் கடைவாயால் மென்று நன்றாக வாழும்.

மயக்க மருந்துக்கு முன் மனிதரையும் நாயையும் பட்டினி போடுவார்கள். முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆகவே அதைப் பட்டினி போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. சிகிச்சைக்குப் பின் வலி மருந்து தருகிறார்களா, தின்னத் தொடங்கும்வரை எப்படிப் பருக்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இலங்கையில் மிருக வைத்தியர்களை உருவாக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே உள்ளது. அங்கு போதனா வைத்தியசாலையும் இயங்குகிறது. பிரதேசங்கள்தோறும் உள்ள அரச மிருக வைத்திய அலுவலகங்களின் பிரதான வேலை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைச் சார்ந்தது. முயலின் பல்லைத் தேய்ப்பதற்கான கருவி எல்லா இடங்களிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முயல் நன்றாக இருக்கும்போதே, உங்கள் பகுதியில் முயலை மயக்கிச் சிகிச்சை செய்யக்கூடியவர் யார் என்று விசாரித்துத் தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். நோய் வந்த இரவில் தேடுவது கடினம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்லின் அடி தாடைக்குள் புகுந்து உருமாறிய பின் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவைப்படும். ஒவ்வொரு தடவையும் செலவு, மயக்க மருந்தின் ஆபத்து, பயணத்தின் களைப்பு என்று இருக்கும். வலி அடங்காத நிலையில் கருணைக்கொலை பற்றி வைத்தியர் பேசினால், அது அந்தப் பிராணியின் மீதுள்ள அக்கறையாலும் இருக்கலாம்.

என்ன கொடுக்கலாம்?

முயலும் கினிப் பன்றியும் உண்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லாக அல்லது உலர்புல்லாக இருக்க வேண்டும். கூட்டில் இரவும் பகலும் அது தீராமல் கிடக்க வேண்டும். மேலை நாட்டுக் காணொளிகளில் வரும் திமோதிப் புல்லைத் தேடி அலையத் தேவையில்லை. இறக்குமதிப் பொதியின் விலைக்கு அஞ்சிப் பலர் புல்லையே கைவிட்டுவிடுகிறார்கள். அறுகம்புல், கினிப்புல் எல்லாம் நல்லவை. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு நமது மாட்டுப் பண்ணைகளுக்கு வந்த சி.ஓ.-3 புல்லின் இளம் இலைகளையும் கொடுக்கலாம். நாசினி தெளித்த வயல் வரம்பிலும், வாகனப் புகை படியும் வீதியோரத்திலும், நாய்கள் புழங்கும் இடத்திலும் வெட்ட வேண்டாம். வெட்டிய புல்லைக் கழுவி நீர் வடிய விடுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய புல்லைக் கொடுக்காதீர்கள்.

மாரி காலத்துக்கு வேண்டியதை வெயில் காலத்தில் சேமிக்கலாம். புல்லை மெல்லியதாகப் பரப்பிக் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் உலர்த்தினால் பச்சை மணத்துடன் உலர்புல் கிடைக்கும். பூஞ்சணம் பிடித்ததை வீசிவிட வேண்டும். வைக்கோல் சொரசொரப்பானது, ஆனால் போஷணை மிகக் குறைவு. படுக்கையாகப் போடலாம், தீனியாக அது மட்டும் போதாது.

இலைவகைகளில் கொத்தமல்லி, வல்லாரை, முள்ளங்கி இலை, கரட்டின் இலை போன்றவற்றை மாற்றி மாற்றி ஒரு கைப்பிடி கொடுக்கலாம். ஒரே கீரையை நாள்தோறும் கொடுக்க வேண்டாம். உருண்டைத் தீவனம் கொடுப்பதானால், வளர்ந்த முயலுக்கு அதன் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பது உச்ச அளவு. தானியமும் விதையும் கலந்த வண்ணத் தீவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கினிப் பன்றிக்கு இன்னொரு தேவையும் உண்டு. மனிதரைப் போலவே அதன் உடலாலும் விற்றமின் சி-யை உற்பத்தி செய்ய முடியாது. அது குறைந்தால் பல்லைத் தாங்கும் இழையங்கள் தளர்ந்து பற்கள் ஆடத் தொடங்கும். நாளொன்றுக்கு உடல்நிறையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். ஒரு சிறு துண்டு கொய்யாவோ கறிமிளகாயோ அதைப் பெருமளவு ஈடுசெய்யும். தண்ணீரில் கலக்கும் விற்றமின் சொட்டு மருந்து விரைவில் வீரியம் இழந்துவிடும். முயல் தீவனத்தைக் கினிப் பன்றிக்குக் கொடுக்கவும் வேண்டாம். அதில் விற்றமின் சி சேர்க்கப்பட்டிராது.

இதுவரை உருண்டைத் தீவனத்தில் வளர்ந்த பிராணியை ஒரே நாளில் மாற்றக் கூடாது. தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, இரண்டு மூன்று வாரங்களில் மாற்றுங்கள். அந்த நாட்களில் புழுக்கையையும் நிறையையும் கூடுதலாகக் கவனியுங்கள். ஏற்கெனவே வாயில் புண்ணிருக்கும் பிராணி புல்லைத் தொடாது. அதற்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் தீனி மாற்றம்.

வாங்குவதற்கு முன்

கடையில் குட்டியை வாங்கும்போது உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். முயலின் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்குச் சற்று முன்னால் படிய வேண்டும். நேருக்கு நேர் முட்டினாலோ, கீழ்ப்பல் முன்னால் வந்திருந்தாலோ அந்தக் குட்டிக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சை தேவைப்படலாம். தெரிந்தே ஏற்றுக்கொள்பவர் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். குறைபாடு குட்டிகளுக்கும் கடத்தப்படலாம்.

ஹாம்ஸ்டர் இரண்டு வருடமளவில் வாழும். நன்றாகப் பராமரித்த முயல் எட்டு முதல் பத்து வருடம் வாழக்கூடியது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிய முயல், பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை வீட்டில் இருக்கலாம். அத்தனை வருடமும் தினமும் ஒரு கட்டுப் புல் வெட்டித் தர யார் இருக்கிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன் வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டும். ஏற்கெனவே முயல் இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை மூன்று: இன்றே அதை நிறுத்து எழுதுங்கள், நாடியைத் தடவிப் பாருங்கள், கூட்டில் புல் இருக்கிறதா என்று பாருங்கள்.